விருப்பொழுங்கில் தாதியியலின் இடம்

க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவந்து, இசட் புள்ளி இன்னதென்று தெரிந்து, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலும் கைக்குக் கிடைத்த பின்னர், யாழ்ப்பாணக் குடாநாட்டில் உயிரியற் பிரிவிற் பயின்ற பிள்ளை இருக்கும் வீடுகளிற் சில நாட்களுக்கு வேறு பேச்சு எழுவதில்லை. மாமாமாரும் சித்திமாரும், ரியூட்டரி ஆசிரியரும், சென்ற வருஷம் பல்கலைக்கழகம் புகுந்த அயல்வீட்டு அண்ணாவும் கூடி, எந்தக் கற்கைநெறியை முதலில் எழுதுவது, எதை அதன் கீழே எழுதுவது என்று இரவு வெகுநேரம் வரைக்கும் விவாதிக்கிறார்கள். மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் அவ்விவாதத்திற் செலவாகும் நேரத்தில் ஒரு சிறு பங்குதானும் தாதியியலுக்குச் செலவாவதை நான் கண்டதில்லை. அது பட்டியலின் அடியில், மற்றவை யாவும் கைவிட்டால் ஏற்பதற்குரியதாக, ஆலோசனையின்றி எழுதப்படுகிறது; எந்தப் பல்கலைக்கழகத்துத் தாதியியலை முன்னே வைப்பது என்பதோ பெரும்பாலும் கேட்கப்படாத கேள்வியாகவே நின்றுவிடுகிறது. நாலு வருஷப் படிப்பையும் அதற்குப் பிந்திய முப்பது வருஷ உத்தியோகத்தையும் நிர்ணயிக்கும் ஒரு தெரிவு இவ்வளவு அசிரத்தையோடு செய்யத்தக்கதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இசட் புள்ளி என்பது யாதென முதலிலே தெளிந்துகொள்ளுதல் நன்று. ஒரு பாடத்தில் மாணாக்கர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றியோரின் சராசரியைக் கழித்து, எஞ்சியதை அப்பாடத்தின் நியம விலகலாற் பிரித்தால் வருவது அப்பாடத்துக்குரிய பெறுமானம். மூன்று பாடங்களின் பெறுமானங்களுக்கும் சராசரி கண்டால் அதுவே அவருடைய இசட் புள்ளி. பௌதிகவியல் வினாத்தாள் கடினமாக அமைந்த ஒரு வருஷத்தில் 55 புள்ளி எடுத்தவர், அது இலகுவாக அமைந்த வேறொரு வருஷத்தில் 70 எடுத்தவரிலும் உயர்ந்து நிற்கக்கூடும் என்பதனால், 'எத்தனை மாக்ஸ்?' என்ற பழைய கேள்விக்கு இம்முறையிற் பொருளில்லை.

இலக்கங்களைப் பற்றி யாழ்ப்பாணத்தவர் இவ்வளவு கூர்மையாக இருப்பதற்கு வரலாறு ஒரு காரணம். 1970களின் தொடக்கத்திற் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் கொண்டுவரப்பட்டபோது, மருத்துவத்துக்குப் புகுவதற்குத் தமிழ்மொழி மூலம் பரீட்சை எழுதியவர் 400க்கு 250 புள்ளியும் சிங்களமொழி மூலம் எழுதியவர் 229 புள்ளியும் பெற்றாற் போதும் என்று வகுக்கப்பட்ட அநீதி, ஒரு தலைமுறையின் நெஞ்சில் ஆறாத புண்ணாகத் தங்கிற்று. 1974இல் மாவட்டப் பங்கீடு வந்தது. அது பலமுறை திருத்தப்பட்டு, இன்று ஒரு கற்கைநெறியின் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், எஞ்சிய 5 வீதம் கல்வி வசதியிற் பின்தங்கியவையெனக் கணிக்கப்பட்ட மாவட்டங்களுக்கும் என்ற உருவில் நிலைபெற்றிருக்கிறது. இசட் புள்ளி முறை வந்தது அதற்கும் வெகுகாலம் பிந்தி, இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேதான். தரப்படுத்தற் காலத்தை அறிந்த பெற்றோர் தம் பிள்ளையின் விண்ணப்பத்தை ஒரு வழக்குரைஞரின் எச்சரிக்கையோடு நோக்குவதில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்த எச்சரிக்கை இப்பொழுது பிழையான இடத்திற் செலவாகிறது என்பது என் அபிப்பிராயம்.

வீடுகளில் வழங்கும் ஒரு நம்பிக்கையை எடுத்துக்கொள்வோம். 'எட்டாத மருத்துவத்தை மேலே போட்டால் கீழே இருக்கிற தாதியியலும் போய்விடும்; ஆகையாற் கிடைக்கக்கூடியதையே முதலில் எழுது' என்று அநுபவசாலிகள் புத்தி சொல்கிறார்கள். இது முறையை அறியாத புத்தி. தெரிவு நடைபெறும் பொழுது விண்ணப்பதாரர் இசட் புள்ளி வரிசையிலே கொள்ளப்பட்டு, ஒவ்வொருவருடைய விருப்பொழுங்கும் உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கப்பட்டு, அவருடைய புள்ளிக்கு இடமுள்ள முதலாவது கற்கைநெறி அவருக்கு வழங்கப்படுகிறது. கரவெட்டியில் ஒரு பெண், முதலாவதாக மருத்துவத்தையும் பத்தாவதாக யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துத் தாதியியலையும் எழுதியிருக்கிறாள் என்று வைத்துக்கொண்டால், அவள் தாதியியலுக்குரிய வரிசையில் நிற்பது தன் இசட் புள்ளியினாலேயே; அதைப் பத்தாவதாக எழுதிய குற்றத்துக்காக, அதை முதலாவதாக எழுதிய, ஆனால் குறைந்த புள்ளியுள்ள ஒருவருக்குப் பின்னே அவள் தள்ளப்படுவதில்லை. ஆகவே விருப்பொழுங்கிற் சூழ்ச்சிக்கு இடமில்லை. மனத்தில் உள்ளதை உள்ள வரிசையில் எழுதுபவருக்கு நட்டமும் இல்லை.

நட்டம் வருவது வேறு இரண்டு வழிகளால். எழுதப்படாத கற்கைநெறி ஒருபோதும் வழங்கப்படாது. ஆதலால் மருத்துவத்துக்குரிய நாலைந்து பெயர்களோடு பெருமிதமாகப் பட்டியலை முடித்துக்கொண்டவர், நல்ல புள்ளி இருந்தும் வெறுங்கையோடு நிற்க நேரிடும். மற்றையது இதனிலும் நுட்பமானது: மேலே எழுதியது கிடைத்துவிட்டாற் கீழே உள்ளவை நோக்கப்படமாட்டா. விருப்பமில்லாத ஒன்றைத் தாதியியலுக்கு மேலே எழுதிவைத்துவிட்டு, அதுவே கிடைத்த பின்னர், 'எனக்குத் தாதியியலுக்கும் புள்ளி காணுமாயிருந்ததே' என்று வருந்துவதிற் பயனில்லை.

இந்த இரண்டாவது நட்டம் நேர்வதற்குக் காரணம் வெட்டுப்புள்ளி பற்றிய நம்முடைய மயக்கமே. வெட்டுப்புள்ளியை ஆணைக்குழு முன்கூட்டி வகுத்து வைப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். ஒரு மாவட்டத்திலிருந்து ஒரு கற்கைநெறிக்குக் கடைசியாகத் தெரிவான மாணாக்கர் யாரோ, அவருடைய இசட் புள்ளியே அவ்வருஷத்து வெட்டுப்புள்ளி. அதை உயர்த்துவதும் தாழ்த்துவதும் இடங்களின் தொகையும், அவ்விடங்களை எத்தனை பேர் தம் பட்டியலின் மேலே எழுதினார்கள் என்பதுமே. ஆதலினாற் சென்ற வருஷத்து வெட்டுப்புள்ளி இறங்குமுறையிற் கற்கைநெறிகளை நிரற்படுத்தி எழுதும் பிள்ளை, சென்ற வருஷத்துப் பிள்ளைகளின் ஆசைகளைப் பார்த்தெழுதுகிறாள். அவர்களும் தமக்கு முந்திய வருஷத்தாரைப் பார்த்தெழுதியவர்களாக இருக்கக்கூடும். இயன்மருத்துவம், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், மருந்தகவியல், தாதியியல் ஆகிய நான்கும் தம்முள் முற்றிலும் வேறுபட்ட தொழில்கள். ஒன்று தசையோடும் மூட்டோடும் பழகுவது. ஒன்று குருதி மாதிரியோடும் உருப்பெருக்கியோடும் இருப்பது. ஒன்று மருந்தின் இயல்பை அறிவது. ஒன்று நோயாளியின் அருகே இராப்பகலாக நிற்பது. இவற்றுக்கிடையே இரண்டாந் தசமதானத்தில் உள்ள ஓர் இலக்க வித்தியாசத்தைக் கொண்டு உயர்வு தாழ்வு நிர்ணயிப்பது விவேகமாகாது. சென்ற வருஷங்களின் வெட்டுப்புள்ளிகளுக்கு ஒரு பிரயோசனம் உண்டு: பட்டியல் எவ்வளவு ஆழத்துக்குச் செல்லவேண்டும் என்பதை அவை காட்டும். எதை மேலே எழுதுவது என்பதை அவை சொல்லமாட்டா.

தாதியியல் அடியில் எழுதப்படுவதற்கு வெட்டுப்புள்ளி மாத்திரம் காரணமன்று. 'நேர்ஸ் வேலையா?' என்று கேட்கும் பொழுது குரலில் ஏறும் அந்தச் சிறு சுருதி வித்தியாசத்தை நம்மவர் எல்லாரும் அறிவர். பிறருடைய உடம்பைத் தொட்டுக் கழுவுதல், இரவுக் கடமை, மருத்துவருக்குக் கீழே நின்று பணிபுரிதல் என்ற மூன்றையும் கொண்டு அத்தொழிலை மதிப்பிட்ட ஒரு சமூகம், அதே தொழிலின் வரலாறு தன் சொந்த மண்ணில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதை மறந்துவிட்டது.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் ஜோன் ஸ்கடர் இலங்கைக்கு வந்தது 1819இல்; அவர் பண்டத்தரிப்பிலே தங்கி வைத்தியம் செய்தார். அவருடைய பேர்த்தியான ஐடா ஸ்கடரே பிற்காலத்தில் வேலூரிற் பெரும் வைத்தியசாலையை நிறுவி, 1909இல் அங்கே தாதியர் பாடசாலையையும் தொடங்கியவர். அப்பாடசாலை 1946இற் பட்டம் வழங்கும் கல்லூரியாக உயர்ந்து, இந்தியாவில் முதன்முதலாகத் தாதியர் பட்டப் படிப்பை நடத்திய ஸ்தாபனங்களில் ஒன்றாயிற்று. பண்டத்தரிப்பிலிருந்து வேலூர் வரை நீளும் இக்குடும்ப இழையை நம் பாடசாலைகளிற் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியக் கல்வி நடத்திய டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்து நூல்களை மொழிபெயர்த்தும் மொழிபெயர்ப்பித்தும் வந்தபோது, முதலில் வெளிப்பட்டவற்றுள் ஒன்று 1857இல் வந்த பிரசவ வைத்திய நூலாகும். கர்ப்பிணிகள் மடியும் நாட்டில் எந்த நூல் முதலில் வேண்டும் என்பதை அம்மனிதர் நன்கு அறிந்திருந்தார். 1850இல் அரசாங்க அதிபர் டைக் முன்னின்று தொடக்கிய வைத்தியசாலையே இன்று நாம் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் போதனா வைத்தியசாலை. அந்நூற்றாண்டு முடியுந் தறுவாயில் இணுவிலிற் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென மக்லியோட் வைத்தியசாலை எழுந்தது. ஆண் வைத்தியரிடம் செல்லக் கூசிய பெண்கள் அங்கே பெண்களின் கையிற் சிகிச்சை பெற்றார்கள்.

உலகத்திலும் இத்தொழில் பல்கலைக்கழகத்துக்குள் மெல்லவே புகுந்தது. நைற்றிங்கேல் அம்மையாரின் பாடசாலை இலண்டனிற் பரிசுத்த தோமையர் வைத்தியசாலையில் 1860இல் திறக்கப்பட்டது. பிரித்தானியாவில் ஒரு பல்கலைக்கழகம் தாதியியலுக்குப் பட்டம் வகுக்க அதன்பின் நூறு வருஷம் சென்று, 1960இல் எடின்பரோவிலே அது நிறைவேறிற்று. இலங்கையில் முதலாவது தாதியர் பாடசாலை 1939இற் கொழும்பில் தோன்றியது. தாதியர்க்குப் பட்டம் என்பது இங்கே 1990களில், கனடாவின் அதபஸ்கா பல்கலைக்கழகத்தின் உதவியோடு திறந்த பல்கலைக்கழகம் தொடக்கிய கற்கைநெறியாற்றான் நனவாயிற்று. ஆகவே இன்று விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு முன்னே திறந்திருக்கும் வாயில் அவளுடைய தாயார் காலத்தில் இருந்ததன்று.

தொழிலின் மதிப்பைப் பற்றிப் பேசும் இடத்தில் ஒரு நாளை விட்டுவிட்டுச் செல்ல என்னால் இயலவில்லை. 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள். இந்தியப் படையினர் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டபோதும், மறுநாள் காலை வரையிலும், நோயாளர்களோடு வைத்தியர், தாதியர், சிற்றூழியர் என ஊழியர்கள் இருபத்தொருவர் மாண்டனர். யுத்தம் சூழ்ந்த நகரில் அன்றைக்கு அவர்கள் வீட்டில் இருந்திருக்கலாம், கடமைக்கு வந்தார்கள். அந்த விடுதிகளின் ஊடாகவே இன்று யாழ்ப்பாணத்துத் தாதியியல் மாணாக்கர் மருத்துவப் பயிற்சிக்கு நடந்து செல்கிறார்கள்.

இனி, தாதியியலையே விரும்பும் ஒருவர் அதற்குள் எதை முன்னே எழுதுவது என்ற கேள்விக்கு வருவோம். யாழ்ப்பாணம், பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, உறுகுணை, கொழும்பு, கிழக்கு ஆகிய பல்கலைக்கழகங்கள் இப்பட்டத்தை வழங்குகின்றன. கொழும்பிலே தாதியியலுக்கெனத் தனிப் பீடமே உண்டு. எங்கும் நாலு வருஷம். எங்கும் ஆங்கிலமே போதனா மொழி. அரச பல்கலைக்கழகமாதலாற் கற்கைக் கட்டணம் இல்லை. எனவே பெயரின் பழமையைக் கொண்டு வரிசைப்படுத்துவதிற் பெரும் பயன் இல்லை. வித்தியாசம் தங்கியிருப்பது மாணாக்கர் எந்த வைத்தியசாலையில், எந்த மொழி பேசும் நோயாளியின் பக்கத்தில் நின்று தொழிலைப் பழகுகிறார் என்பதிலேயே.

விரிவுரை மண்டபத்து ஆங்கிலம் பெண்ணொருத்திக்குச் சில மாதங்களில் வசமாகும். நோயாளியின் மொழியோ வேறு விஷயம். நெஞ்சு 'அடைக்குது' என்று ஒருவர் சொல்வதற்கும் 'இழுக்குது' என்று சொல்வதற்கும், வயிறு 'ஊதுது' என்பதற்கும் 'கடுக்குது' என்பதற்கும் இடையேயுள்ள வேறுபாடு உயிரைக் காக்கும் வேறுபாடாக இருக்கக்கூடும். அதைக் கேட்ட மாத்திரத்திற் பிரித்தறிபவரே நல்ல தாதி. இந்த நோக்கில் யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் தமிழ்ப் பிள்ளைக்கு இயல்பான பள்ளிகள். வடமாகாணத்து ஐந்து மாவட்டங்களுக்கும் ஒரேயொரு போதனா வைத்தியசாலை யாழ்ப்பாணத்தில் இருப்பதனால், மன்னாரிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் சிக்கலான நோயாளர் அங்கேயே வந்து சேருகின்றனர். பயில்பவருக்கு அது பெரும் வாய்ப்பு. வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய பிள்ளைக்கு அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் மிச்சமாவதை, தோட்டமும் கடலும் தரும் வருவாயிற் சீவிக்கும் குடும்பங்கள் இலேசாக எண்ணமுடியாது.

ஆயினும் எதிர்ப்பக்கத்தையும் சொல்லவேண்டும். அரச தாதியர் சேவை நாடு முழுவதற்கும் உரியது. முதல் நியமனம் அநுராதபுரத்திலோ பதுளையிலோ அமையலாம். பேராதனையிலோ காலியிலோ நாலு வருஷம் வாழ்ந்து, காய்ச்சலிற் புலம்பும் ஒரு சிங்களக் கிழவியை அவள் மொழியிலேயே தேற்றப் பழகிய பெண், அந்நியமனத்துக்கு அஞ்சவேண்டியதில்லை. கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஏ9 வீதி 321 கிலோமீற்றர்; காலி அதனிலும் வெகுதூரம். இத்தூரம் சில பிள்ளைகளை உடைக்கும், சிலரை ஆளாக்கும். தன் பிள்ளை எத்தகையவள் என்பதைத் தாயும் தகப்பனும் அறிவார்கள். ஆனால் 'பொம்பிளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் விடுவதா' என்ற அச்சம் ஒன்றே விருப்பொழுங்கை எழுதுமாயின், அது அவளுடைய விருப்பொழுங்காகாது. என்னுடைய தீர்ப்பைக் கேட்டால், வடக்கிலேயே சேவை செய்ய நினைப்பவர் யாழ்ப்பாணத்தையும் அடுத்துக் கிழக்கையும் எழுதட்டும். எங்கும் சென்று பணிபுரியும் மனத்துணிவு உள்ளவர் பேராதனையை முன்னே வைக்கட்டும். இரு சாராரும் ஆறையும் எழுதாது பட்டியலை மூடாதிருக்கட்டும்.

பட்டத்துக்குப் பக்கத்திலே இன்னொரு வழி உண்டு. அதைத் தாழ்வாக எண்ணி ஒதுக்குவது பெரிய தவறு. சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிப் பாடசாலைகள், யாழ்ப்பாணத்திலுள்ளது உட்பட, மூன்று வருஷ டிப்ளோமாப் பயிற்சி அளிக்கின்றன. அதற்கு விண்ணப்பம் வர்த்தமானி அறிவித்தலின் வழி வேறாகக் கோரப்படும். பல்கலைக்கழக விண்ணப்பத்தோடு அதற்குத் தொடர்பில்லை. பயிற்சிக் காலத்திலேயே கொடுப்பனவு உண்டு. பயிற்சி முடிந்தால் அரச சேவை காத்திருக்கிறது. பட்டம் பெற்றவரோ ஆட்சேர்ப்பு அறிவித்தல் வரும்வரை காத்திருக்க வேண்டியவராகலாம். தகப்பனை இழந்த, அல்லது கடன் சுமந்த ஒரு வீட்டில், மாதாமாதம் வரும் அந்தச் சிறு தொகையின் பெறுமதியை வெளியே நின்று நாம் அளக்க முடியாது. டிப்ளோமா முடித்துப் பதிவுபெற்ற தாதியருக்குத் திறந்த பல்கலைக்கழகத்தின் பட்டப் படிப்பு பின்னரும் திறந்தே இருக்கிறது. அதன் பிராந்திய நிலையம் ஒன்று யாழ்ப்பாணத்திலேயே உண்டு. ஆகவே பல்கலைக்கழகம் இன்று தவறினாற் பட்டம் என்றென்றைக்கும் தவறியது என்று அழுவதற்குக் காரணமில்லை.

பணங்கட்டிப் படிக்கும் இடங்களும் இக்காலத்திற் பெருகி வருகின்றன. கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலும் தாதியியற் பட்டம் உண்டு. தனியார் ஸ்தாபனங்களைப் பொறுத்தமட்டில், விளம்பரத் தாளிலுள்ள வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து மயங்காமல், ஒரு கேள்வியை முதலிலே கேட்கவேண்டும்: இங்கே படித்து முடித்தவரை இலங்கைத் தாதியர் பேரவை பதிவு செய்கிறதா? 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அப்பேரவையின் பதிவே இந்நாட்டில் தாதியாக வேலை செய்வதற்குரிய திறவுகோல். எழுத்தில் விடை தராத இடத்துக்கு ஒரு சதமும் கட்டவேண்டாம்.

பட்டத்தை நினைக்கும் பலருடைய மனத்திற் கனடாவும் இங்கிலாந்தும் இருக்கின்றன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வேறு நாட்டிற் பதிவு பெறுவதற்கு அந்நாட்டுப் பரீட்சையும் ஆங்கிலத் தகுதியும் தனியாக வேண்டும்; இலங்கைப் பல்கலைக்கழகங்களுள் ஒன்றைவிட மற்றொன்று அங்கே விசேஷ சலுகை வாங்கித் தரும் என்று எண்ணித் தெரிவைக் குழப்பிக்கொள்ளுதல் வீண். எங்கே படித்தாலும் ஆங்கிலத்தைச் செவ்வையாகப் படிப்பதே அதற்குரிய ஆயத்தம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். விண்ணப்பத்தை நிரப்புமுன் ஒரு பிற்பகல், நோயாளரைப் பார்வையிடும் நேரத்தில், மந்திகை ஆதார வைத்தியசாலைக்கோ, தெல்லிப்பழைக்கோ, பெரியாஸ்பத்திரிக்கோ பிள்ளையைக் கூட்டிச் செல்லுங்கள். அறிந்தவர் யாராவது எந்த விடுதியிலும் இருப்பார்கள். அவருக்குப் பக்கத்தில் அரைமணி நேரம் இருந்து, அங்கே கடமையில் நிற்கும் தாதியைப் பிள்ளை பார்க்கட்டும். வீடு திரும்பிய பின்னர், கைந்நூலையும் பேனையையும் அவள் கையிற் கொடுத்து, முதலாவது வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை அவளையே எழுத விடுங்கள்.